நட்டுவனார் நியூயார்க்கில், ஆடுவோர் கெய்ரோவில்

எகிப்தின் தொல்பொருள் உச்ச மன்றத்தாருக்கும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் இரு தரப்பாரிடமும் பிரிந்து இருக்கும் ஒரே பொருளைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். 1933-34 அகழாய்வுப் பருவத்தில், கெய்ரோவுக்குத் தெற்கே நைலின் மேற்குக் கரையிலுள்ள லிஷ்ட்டில், முதலாம் செனுஸ்ரெத் மன்னரின் பிரமிடை ஒட்டிய கல்லறைத் தொகுதியில், ஆம்ப்ரோஸ் லான்சிங் தலைமையில் மெட்ரோபாலிட்டன் குழுவினர் தோண்டிக்கொண்டிருந்தனர். ஹெப்பி என்ற பெண்ணின் கல்லறையில் தந்தத்தில் செதுக்கிய நான்கு சிறிய உருவங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. நால்வரும் உயரம் குன்றிய ஆடவர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரு விரல் நீளம். ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வம்சத்தின் காலத்தில், ஒரே தொகுப்பாகச் செய்யப்பட்டவை அவை. அகழாய்வு முடிந்து பங்கு பிரித்தபோது மூன்று உருவங்கள் கெய்ரோவில் தங்கின. அவற்றின் பதிவெண் ஜே.இ. 63858. நான்காவது நியூயார்க் சென்றது; அதன் எண் 34.1.130. இந்த நால்வரையும் மீண்டும் ஒரே பேழைக்குள் நிறுத்துங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான்காவது உருவம் களவு போனது என்று நான் சொல்ல வரவில்லை. அக்காலத்து எகிப்தியச் சட்டம் அகழாய்வில் கிடைத்தவற்றைப் பங்கிட இடம் கொடுத்தது. தோண்டிய குழுவின் கண்டெடுப்புகளை அதிகாரிகள் பார்வையிட்டு, நாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதில் பங்கு தந்தார்கள். 1983 ஆம் ஆண்டின் 117 ஆம் எண் சட்டம்தான் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே நியூயார்க்கின் உரிமை ஆவணப்படி உறுதியானது. என் மனக்குறை வேறு. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிக்கலாம், நிலத்தைப் பிரிக்கலாம். உரலை ஒரு பிள்ளைக்கும் உலக்கையை இன்னொரு பிள்ளைக்கும் எழுதிவைப்பவர்கள் இல்லை. 1934 இல் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

நான் எகிப்தியவியல் படித்தவள் அல்லள். நாட்டிய மேடையின் ஓரத்தில் அமர்ந்து, தாளத்தைக் கையில் பிடித்து, சொற்கட்டுச் சொல்லி ஆடுவோரை நடத்தும் நட்டுவாங்கமே என் தொழில். எகிப்துக்கும் எங்கள் கலைக்கும் உறவு கற்பிக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அப்படிக் கற்பிப்போரிடமிருந்து விலகியே நிற்கிறேன். ஆனாலும் இந்த நால்வரின் ஒளிப்படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, தொழில் பழக்கத்தால் என் கண் முதலில் போனது நான்காமவரின் கைகளுக்குத்தான். கெய்ரோவிலிருக்கும் மூவரும் ஆடுவோர். நியூயார்க்கில் தனித்து நிற்பவர் கைகளைச் சேர்த்துத் தட்டித் தாளமிட்டு அவர்களை நடத்துபவர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எங்கள் சொல்லில் சொன்னால் அவர் நட்டுவனார்.

அப்பொருளின் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கெய்ரோ உருவங்கள் மூன்றும் ஒரு நீள்சதுரத் தந்தப் பீடத்தின்மேல் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவரின் காலடியிலும் நூற்கண்டு போன்ற ஓர் உருளை உண்டு. பீடத்தில் துளைகள் உண்டு. துளை வழியே நூலைச் செலுத்தி, உருளைகளில் சுற்றி, வெளியிலிருந்து இழுத்தால் மூவரும் தம் இடத்திலேயே இப்படியும் அப்படியும் திரும்புவார்கள். வளைந்த குறுங்கால்கள், முன்னே தள்ளிய வயிறு, உயர்த்திய கைகள், முயற்சியில் இறுகிய முகம் என்று ஒவ்வொன்றும் ஆட்டத்தின் நடுவில் உறைந்ததுபோல் செதுக்கப்பட்டிருக்கிறது. எகிப்தியச் சிற்பம் என்றாலே இடது காலை முன்வைத்து நேரே பார்க்கும் விறைப்பான மன்னர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்; இந்த விரல் நீள மனிதர்களிடம் அந்த விறைப்பு இல்லை. மூச்சு வாங்குவது தெரிகிறது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று தோன்றியது. தெருமுனைத் தையல்காரரிடம் மூன்று காலி நூற்கண்டுகளை வாங்கி, ஒரு பலகையில் மூன்று ஆணிகளை அறைந்து, ஒவ்வோர் ஆணியிலும் ஒன்றைச் செருகினேன். முதலில் நைலான் நூலை ஓட்டினேன்; நூல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு கண்டும் அசையவில்லை. பருத்தி நூலுக்கு மாறினேன். நூலை உருளையின் பக்கவாட்டில் உரசவிட்டால் போதாது, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால்தான் பிடிப்புக் கிடைக்கிறது என்பது அப்போது விளங்கியது. அப்படிச் சுற்றி ஒரு முனையை இழுத்தால் மூன்றும் ஒருசேரத் திரும்பின. மறுமுனையை இழுத்தால் திரும்பிய வழியே மீண்டன. நடுக் கண்டை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியபோது, ஓரத்தில் இருந்த இரண்டும் வலமாகத் திரும்ப, நடுவிலிருந்தது இடமாகத் திரும்பியது. மூவர் ஆடும் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. என் மகளிடம் நூலின் இரு முனைகளையும் கொடுத்தேன். அவள் வெடுக்கென்று இழுப்பதும் தளர்த்துவதுமாக இருந்தாள், கண்டுகள் தடுமாறின. பழக்கதோஷத்தில் நான் கைதட்டத் தொடங்கியதும் அவள் இழுப்புச் சீராகிவிட்டது. தட்டுக்கு ஒரு பக்கம், அடுத்த தட்டுக்கு மறுபக்கம் என்று அவளே பிடித்துக்கொண்டாள். நான்காவது உருவம் ஏன் மற்ற மூன்றோடு நூலில் கோக்கப்படாமல் தனியே நிற்கிறது என்ற கேள்விக்கு அன்று எனக்குக் கிடைத்த விடை இதுதான்: அவர் அசைய வேண்டியதில்லை. ஆடுவோரை மட்டுமல்லாமல், நூலைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்து நடத்துவது அவர் வேலை. இது என் ஊகம் மட்டுமே. அறிஞர்கள் மறுத்தால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் மூவரும் ஒரு கண்டத்திலும் நடத்துபவர் இன்னொரு கண்டத்திலும் இருக்கும்வரை, இந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்கக்கூட எவருக்கும் வாய்ப்பில்லை.

இந்த ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மரபும் சிறியதன்று. நான் திறந்த மடல் எழுதும் இந்த வேளையில், நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இன்னொரு திறந்த மடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அஸ்வான் நகருக்கு எதிர்க்கரையில், குப்பத் அல்-ஹவா குன்றில், ஹர்கூஃப் என்ற அதிகாரியின் கல்லறை முகப்பில் ஓர் அரச கடிதம் முழுமையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஆறாம் வம்சத்து மன்னர் இரண்டாம் பெப்பி. ஆட்சிக்கு வந்து இரண்டாம் ஆண்டுதான், சிறு பையன். தெற்கே யாம் நாட்டுக்குப் போன ஹர்கூஃப், கடவுளரின் நடனம் ஆடும் ஒரு குறளரை, அதாவது உயரம் குன்றியவரை, அழைத்து வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வடக்கே புறப்பட்டு வா, சினாயிலும் புந்த் நாட்டிலும் கிடைக்கும் செல்வங்களைவிட அவரைக் காண்பதையே விரும்புகிறேன் என்று எழுதுகிறார். படகில் ஏற்றும்போது இருபுறமும் நம்பிக்கையான ஆட்களை நிறுத்து, தண்ணீரில் விழுந்துவிடப்போகிறார். இரவில் அவர் கூடாரத்தைச் சுற்றி ஆட்கள் படுத்திருக்கட்டும், ஓர் இரவில் பத்து முறை பார்த்துவா என்கிறார். அதற்கு முன்பே இசேசி மன்னரின் காலத்தில் புந்த் நாட்டிலிருந்து ஒரு குறளர் வந்ததையும் அதே கடிதம் குறிப்பிடுகிறது. அந்தக் குழந்தை மன்னரின் ஆர்வத்துக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் லிஷ்ட்டின் நால்வரும் செதுக்கப்பட்டார்கள். ஆகவே இவர்களை வெறும் வேடிக்கைப் பொம்மை என்று தள்ளிவிட முடியாது. கடவுளின் முன் ஆடும் ஆட்டத்தின் நினைவும் அந்த நூலில் சுற்றப்பட்டிருக்கலாம்.

விளையாட்டுப் பொருளா, சடங்குப் பொருளா என்று ஆய்வாளர்களிடையே இரு கருத்து உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கொலுப்படியில் இருக்கும் மரப்பாச்சியைக் குழந்தை எடுத்து விளையாடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் இங்கே ‘குறளர்’ என்று எழுதுவது வேண்டுமென்றே. எங்கள் பழைய தமிழில் உயரம் குன்றியவருக்கு இருந்த சொல் அது; இன்றைய பேச்சில் புழங்கும் சொல்லில் இருக்கும் ஏளனம் அதில் இல்லை. எகிப்தியரும் இவர்களை ஏளனத்துக்குரியவர்களாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றுகள் உங்களிடமே இருக்கின்றன. கிசாவில் கிடைத்து கெய்ரோவில் இருக்கும் செனெப் குடும்பச் சிலையைப் பாருங்கள். உயர்பதவி வகித்த செனெப் காலை மடக்கி மனைவியின் அருகே அமர்ந்திருக்கிறார்; மற்றவர்க்குக் கால்கள் தொங்கும் இடத்தில் சிற்பி அவருடைய இரு பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார். பழைய எகிப்திய நீதிநூலான அமெனெமோப்பேயின் அறவுரை பார்வையற்றவரைப் பார்த்துச் சிரிக்காதே, குறளரைச் சீண்டாதே என்று நேரடியாகவே சொல்கிறது. லிஷ்ட் உருவங்களின் அருகே வைக்கும் குறிப்பட்டையில் இந்தப் பின்னணிக்கு இரண்டு வரி ஒதுக்கினால், பார்க்க வரும் குழந்தைகள் சிரிப்போடு நின்றுவிடாமல் இன்னும் சற்று நேரம் பேழையின் முன் நிற்பார்கள்.

இனி, பிரிந்ததைச் சேர்ப்பது உங்களுக்குப் புதிதல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2009 இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஒரு சிவப்புக் கருங்கல் துண்டை நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கியது. தன் பேழையில் வைப்பதற்காக அல்ல. எகிப்தின் கர்னக்கில் உள்ள ப்தா என்ற கடவுளின் கோயிலின் கருவறைப் பேழை ஒன்றிலிருந்து உடைந்த பகுதி அது என்று தெரிந்ததால், எகிப்துக்கே அனுப்பிச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. அந்தப் பேழையில் பெயர் பெற்றிருந்த மன்னர் யார்? முதலாம் அமெனெம்ஹெத். எந்த மன்னரின் பிரமிடு நிழலில் ஹெப்பி அடக்கம் செய்யப்பட்டாளோ, அந்தச் செனுஸ்ரெத்தின் தந்தை. அடுத்த ஆண்டே துட்டன்காமன் கல்லறையிலிருந்து வந்தவை என்று தெரியவந்த 19 பொருள்களை எகிப்துக்குத் திருப்பித் தர அதே அருங்காட்சியகம் முன்வந்தது. அவற்றுள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வெண்கல நாயும் உண்டு. அவ்வளவு சிறிய ஒன்றுக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்களிடம்தான் நான் பேசுகிறேன்.

நான் உரிமை மாற்றத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அது நடந்தால் மகிழ்வேன். ஆனால் அதைக் கேட்டால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுந்து நிற்பார்கள், நால்வரும் இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் பிரிந்தே இருப்பார்கள். நான் கேட்பது நீண்டகால இரவல். சில ஆண்டுகள் நட்டுவனார் கெய்ரோவுக்குப் போகட்டும். பிறகு மூவரும் அவரோடு நியூயார்க் வந்து சில ஆண்டுகள் ஆடட்டும். யார் முதலில் என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஒருவர் பயணம் செய்வது மூவர் பயணம் செய்வதைவிட எளிது. மேலும் அவர் போவது தாம் பிறந்த ஊர்ப் பக்கம்.

தந்தம் பயணத்துக்கு இசைவான பொருளல்ல என்பதை அறிவேன். காற்றின் ஈரப்பதம் கூடிக் குறைந்தால் அதுவும் உப்பிச் சுருங்கும். அந்த ஏற்றத்தாழ்வு திடீரென்று நேர்ந்தால் வெடிப்பு விடும். நான்காயிரம் ஆண்டுப் பழைய துண்டை இதற்கெல்லாம் உட்படுத்தலாமா என்று உங்கள் பாதுகாப்பு வல்லுநர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் தந்தப் பொருள்கள் எல்லை தாண்டச் சான்றிதழ்கள் வேண்டும் என்பதும், பழம்பொருள்களுக்கும் அந்தத் தாள்வேலையிலிருந்து தப்பில்லை என்பதும் தெரியும். ஆனால் இவை வழி அடைபட்டதற்கான காரணங்கள் அல்ல. நிதானமாகப் போக வேண்டியதற்கான காரணங்கள். அதே வேளையில் தந்தத்தைப் பற்றிய ஓர் ஆய்வையும் செய்துவிடலாம். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வரிகள் தெரியும். நீர்யானைப் பல்லில் அவை இரா. எகிப்தியச் சிற்பிகள் இரண்டையும் பயன்படுத்தினார்கள். நால்வரும் ஒரே விலங்கின் ஒரே தந்தத்திலிருந்து பிறந்தவர்களா என்று அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இரு தரப்பு அறிஞர்களுக்குமே கிடைக்கும்.

இரவலுக்குக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. நான்கையும் முப்பரிமாண முறையில் அளந்து, உருளைகளும் துளைகளும் நூலும் உள்ள, உண்மையிலேயே இயங்கும் நகல் ஒன்றை இரு நகரங்களிலும் வைக்கலாம். 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைவிட ஏற்ற இடம் எது? கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் மூலத்தைப் பார்த்துவிட்டு வரும் ஒரு பிள்ளை, நகலின் நூலைத் தன் கையால் இழுத்து மூவரையும் திருப்பிப் பார்க்கட்டும்; பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை கைதட்டட்டும். அதற்கு முன்பாக, செலவே இல்லாத ஒரு காரியம்: கெய்ரோவின் குறிப்பட்டையில் நான்காமவர் எங்கே இருக்கிறார் என்றும், நியூயார்க்கின் குறிப்பட்டையில் மற்ற மூவரும் எங்கே என்றும், இரண்டிலும் மற்ற பாதியின் ஒளிப்படத்தோடு, கண்ணில் படும் அளவு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டிலும் ஹெப்பியின் பெயர் இருக்க வேண்டும். லிஷ்ட் மண்ணைத் தோண்டிச் சலித்த எகிப்தியத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். விரல் நீளத் தந்தத்தை இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே கண்டு, உடைக்காமல் எடுப்பது மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் கைவந்துவிடாது.

இறுதியாக, தனிப்பட்ட முறையில் ஒரு சிறு விண்ணப்பம். என் பலகையில் மூன்று கண்டுகளும் இன்னும் ஆணியில்தான் இருக்கின்றன. நடுவில் உள்ளதை மற்ற இரண்டின் போக்கிலேயே சுற்றுவதா, எதிராகச் சுற்றுவதா என்று என் மகளுக்கும் எனக்கும் தீராத வாக்குவாதம். உங்கள் வல்லுநர்கள் எவரேனும், உருளைகளில் நூல் தேய்ந்த தடமும் பீடத் துளைகளின் விளிம்பில் நூல் அறுத்த பள்ளமும் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கியின் கீழ் பார்த்து, இருந்தால் அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
நட்டுவாங்கக் கலைஞர் ஒருவர்
மயிலாடுதுறை